தூக்குக் கயிறு தளர்ந்தாச்சு, வலி மருந்து இனி சுலபமா கிடைக்குமா?

தாமான் வாசி | 9.7.2023, ஞாயிறு இரவு

நாலாம் தேதியிலிருந்து மலேசியாவுல போதைமருந்து கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை இல்லைன்னு பேப்பர்ல போட்டிருக்கான். எங்க சித்தப்பாவுக்கு எலும்புல கேன்சர். ராத்திரியெல்லாம் முனகுறாரு. சுங்கை சிப்புட்டுல நான் கேட்ட ரெண்டு கிளினிக்குலயும் மார்ஃபின் வைக்கிறதில்லையாம், ஈப்போ போங்கன்னுட்டாங்க. சட்டம் மாறினதால இனிமே இங்கயே கிடைக்குமா? தோட்டத்துல மருந்து கொடுத்த டிரஸர் மாமா இருந்தா சொல்லுங்க.

பழைய டிரஸர் | 9.7.2023, இரவு 11.40

கிடைக்காது. நாலாம் தேதி மாறியது கடத்துகிறவனுக்கான தண்டனை. டாக்டர் எழுதிக் கொடுத்த மார்ஃபினை வாங்கி வீட்டில் வைத்துக் குடிப்பது போன மாதமும் குற்றமில்லை, இந்த மாதமும் குற்றமில்லை.

இதற்கு மேல் எழுத நிறைய இருக்கிறது, கண் எரிகிறது. முதலில் சித்தப்பாவை ஈப்போவுக்குக் கூட்டிப் போ. ஐ.சி. (அடையாள அட்டை), பழைய ரிப்போர்ட், எக்ஸ்ரே எல்லாம் ஒரே பையில் போடு. அங்கே "வலி எப்படி இருக்கு" என்று கேட்டால் "கொஞ்சம்" என்று சொல்லக் கூடாது என்று வழியிலேயே அவரிடம் சொல்லி வை. நம் ஆட்கள் எல்லாரும் கொஞ்சம் என்றுதான் சொல்வார்கள். கை முறிந்தாலும் கொஞ்சம்தான்.

பழைய டிரஸர் | 10.7.2023, காலை

என்னைத் தெரியாதவர்களுக்கு: 1973 முதல் 2004 வரை தோட்டத்து டிரஸராக இருந்தவன். பேப்பரில் போட்ட பேர் ஹாஸ்பிட்டல் அசிஸ்டெண்ட். எங்களுக்கென்றே 1965ல் ஒரு பதிவுச் சட்டம் இருக்கிறது, அந்தச் சான்றிதழ் இன்னும் சுவரில் தொங்குகிறது. லயத்துப் பிள்ளைகளுக்கு நான் ஊசிக்காரர். என்னைக் கண்டால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா கொட்டகையே காலியாகிவிடும்.

அபினிலிருந்து எடுக்கிற மார்ஃபினை இங்கே ஆளுகிற சட்டம் 1952ஆம் வருடத்து அபாயகர மருந்துச் சட்டம். அதே வருடம் விஷச் சட்டமும் வந்தது. மெர்டேக்காவுக்கு ஐந்து வருடம் முந்தியவை இரண்டும். வெள்ளைக்காரன் எழுதினான், நாம் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறோம். 1975ல் கடத்தலுக்குத் தூக்கு தரலாம் என்று சேர்த்தார்கள். 1983ல் தூக்கைத் தவிர வேறு தண்டனையே இல்லை என்றாக்கினார்கள். 15 கிராம் மார்ஃபின் கையில் இருந்தால் அவன் கடத்தல்காரன் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று அவன்தான் நிரூபிக்க வேண்டும். ஹெராயினுக்கும் அதே 15 கிராம்.

இப்போது என் கதை. 2015ல் என் அக்காவுக்கு மார்பில் வந்த கேன்சர் முதுகெலும்புக்கு ஏறியிருந்தது. முப்பது வருடம் பால்மரம் வெட்டியவள், பிறகு செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கியவள். குனிந்தே வாழ்ந்த முதுகு. ஈப்போவில் மார்ஃபின் மிக்ஸ்சர் கொடுத்தார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை 5 மில்லி. சீட்டில் எழுதியபடி கொடுத்தேன்.

அந்த மருந்தை முதல் முறை வாங்கிக்கொண்டு வந்தது சீனப் பெருநாள் நேரம். செம்மோர் தாண்டி, காந்தான் சுண்ணாம்பு மலை தெரிகிற இடத்தில் ரோட் பிளாக். நான் பாட்டில்களை மைலோ டின்னுக்குள் துணி சுற்றி வைத்து, டின்னைக் காலுக்குக் கீழே வைத்திருந்தேன். ஏன் மறைத்தேன்? சீட்டு சட்டைப் பையில் இருக்கிறது, ஆஸ்பத்திரி லேபிள் பாட்டிலில் இருக்கிறது. இருந்தும் முதுகு நனைந்துவிட்டது. ஒரே பாட்டிலில் 15 கிராம் கணக்கைத் தொட்டுவிடுவேன் என்றே நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன், அவ்வளவு பெரிய பாட்டில். மாத்தா (போலீஸ்காரர்) டார்ச் அடித்து ரோட் டேக்ஸைப் பார்த்தார், என் நரைமுடியைப் பார்த்தார், "ஜாலான் ஜாலான்" என்றார். வீட்டு வாசல் வரைக்கும் இரண்டாம் கியரிலேயே வந்திருக்கிறேன்.

பழைய டிரஸர் | 10.7.2023, இரவு

மானம் போச்சு. "பார்மசிப் பொண்ணு" தனியாக மெசேஜ் போட்டிருக்கிறாள்: "மாமா, பாட்டிலில் 5 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம்னு எழுதியிருந்துச்சு?" பத்து என்றேன். "அப்போ கணக்குப் போடுங்க."

போட்டேன். 5 மில்லிக்கு 10 மில்லிகிராம் என்றால் ஒரு மில்லிக்கு இரண்டு. 15 கிராம் என்பது 15,000 மில்லிகிராம். அப்படியானால் 7,500 மில்லி. ஏழரை லிட்டர்!

அக்காவுக்கு ஒரு நாளைக்கு ஆறு தடவை, 30 மில்லி. இரண்டு வாரத்துக்கு 420 மில்லி கொடுத்தார்கள். ஏழரை லிட்டர் சேர்க்க வேண்டுமென்றால் அவளுக்கு ஒரு சொட்டும் கொடுக்காமல் பதினெட்டு தடவை ஈப்போ போய் வந்திருக்க வேண்டும். மைலோ டின் போதாது, பால் சேகரிக்கிற வாளி வேண்டும். பத்து மில்லிகிராம் மாத்திரை என்றாலும் 1,500 மாத்திரை.

முப்பத்தொரு வருடம் மருந்து அளந்த கை இது. இந்தச் சின்ன வகுத்தலை எட்டு வருடமாகப் போட்டுப் பார்க்கவில்லை. ஏழரை என்றதும் என் பெண்டாட்டி, "அப்பவே சொன்னேன்ல, உங்களுக்குச் சனி நடக்குதுன்னு" என்கிறாள்.

அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள்: 15 கிராம் என்பது அனுமதியில்லாமல் வைத்திருக்கிறவனுக்கான கணக்கு. சீட்டோடு இருக்கிற நோயாளிக்கு அந்தக் கணக்கே கிடையாது. காலையில் நான் எழுதியதை அழிக்கவில்லை. பயம் எப்படிக் கணக்குப் போடும் என்பதற்குச் சாட்சியாக இருக்கட்டும்.

பழைய டிரஸர் | 12.7.2023

"அப்போ சட்டத்துல கோளாறே இல்லன்றீங்களா?" என்று தாமான் வாசி கேட்கிறான். நேற்று முழுக்க இதுதான் மண்டையில்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயந்தரம் அக்காவின் மருந்து தீர்ந்துவிட்டது. வலி கூடி, டாக்டரைக் கேட்டு அளவையும் கூட்டியிருந்தோம், அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டேன். எனக்குப் பழக்கமான தனியார் கிளினிக்குக்கு ஓடினேன். அந்த டாக்டர் தங்கமான மனுஷர், தோட்டத்தில் பிறந்தவர், லயத்துக்காரர்களிடம் பாதி நாள் காசு வாங்க மாட்டார். "மாமா, எனக்கு எழுதவும் உரிமை இருக்கு, வாங்கி வைக்கவும் உரிமை இருக்கு. ஆனா வைக்கிறதில்லை" என்றார். ஏன்? பூட்டுப் போட்ட அலமாரி, தனி ரிஜிஸ்டர், வந்த மில்லி போன மில்லி எழுதுவது, அமலாக்க அதிகாரி வந்தால் ஒவ்வொரு மில்லிக்கும் பதில். வருடத்துக்கு இரண்டு நோயாளிக்காக யார் இதைச் செய்வார்? ஒரு பாட்டில் உடைந்தால்? பணிப்பெண் திருடினால்? "என் லைசென்ஸ் போயிடும் மாமா." கடைசியில் மார்ஃபினைவிட லேசான டிரமடால் எழுதிக் கொடுத்தார். அது அவளுடைய வலிக்கு வாசல்படியைக் கூடத் தாண்டவில்லை.

சட்டம் கதவைப் பூட்டவில்லை. ஆனால் கதவை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கையெழுத்துப் போடு, தப்பாகத் திறந்தால் உன் கதி அவ்வளவுதான் என்று எழுதி ஒட்டியிருக்கிறது. அப்புறம் யார் திறப்பார்? அந்த டாக்டர் மேல் எனக்கு அன்று வந்த கோபம் இன்று இல்லை. நானும் சாவி வைத்திருந்தவன்தான்.

அன்று இரவு மறுபடி ஈப்போ. எமர்ஜென்சியில் மூன்று மணி நேரம். அவள் காடியிலேயே படுத்திருந்தாள்.

பழைய டிரஸர் | 15.7.2023, சனி

சாவி என்றதும் பழைய டிஸ்பென்சரி ஞாபகம் வந்துவிட்டது. கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில் எங்கள் அலமாரியில் இருந்தது என்ன? ஏ.பி.சி. மாத்திரை. தலைவலி, முதுகுவலி, பெரட்டுக்கு (காலையில் பேர் கூப்பிடுகிற வரிசைக்கு) போகப் பிடிக்காத வலி எல்லாவற்றுக்கும் ஏ.பி.சி. ஜெண்டியன் வயலட், பூச்சி மருந்து, குயினின். அப்புறம் பெரிய பழுப்பு ஜாடியில் வெள்ளையாக ஒரு மிக்ஸ்சர், வயிற்றுப்போக்குக்கு. நன்றாகக் குலுக்கிக் கொடுக்க வேண்டும். அதன் பேர் கயோலின் மார்ஃபின்.

படித்தீர்களா? மார்ஃபின். அளவு கொஞ்சம்தான், ஆனால் அதேதான். ஆயாக்கள் வரிசையில் நின்று வாங்கிப் போவார்கள், கரண்டியால் கொடுப்பார்கள். யாரும் பயப்படவில்லை. "டிரஸர் மிக்ஸ்சர்" என்பதுதான் அதன் ஊர்ப்பேர். மார்ஃபின் என்ற அதே பெயரை 2015ல் அக்காவின் பாட்டிலில் படித்துவிட்டு என் தம்பி மகன், "பெரியப்பா, இது கடைசி மருந்தாச்சே, அத்தைக்குச் சொல்லிட்டாங்களா?" என்று அழுதான்.

அதே காலத்தில் தொழிற்சாலையில் பால் உறைய வைக்கிற பார்மிக் ஆசிட் ஒருவர் காலில் கொட்டி, முழங்கால் வரை தோல் உரிந்தது. லோரி வர இரண்டு மணி நேரம். என்னிடம் ஏ.பி.சி. இருந்தது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அவர் கத்தவில்லை, "ஐயா, மண்டோர்கிட்ட சொல்லிடுங்க, இன்னைக்கு அரை நாளாவது பேர் போடச் சொல்லுங்க" என்றார். பாவம், அரை நாள் கூலிக்குப் பேர் போட்டார்கள்.

இன்னொரு கூத்து. ஜப்பான்காரன் வருகிற வரைக்கும் மலாயா அரசாங்கமே சண்டு (புகைக்கிற அபின்) விற்றது, லைசென்ஸ் கடையில். ஈயச் சுரங்கத்துச் சீனர்கள் புகைத்த அபினில் ரோடு போட்டார்கள், ரயில் விட்டார்கள். நமக்குக் கள்ளுக்கடை. 1943ல், நாடு ஜப்பான்காரன் கையில் இருக்கும்போதே, திரும்பிப் போனதும் அபின் புகைப்பதைத் தடை செய்வோம் என்று லண்டனில் முடிவெடுத்தார்கள். சம்பாதிக்கிற வரை சரக்கு, சம்பாதித்து முடிந்ததும் அபாயகர மருந்து. போதைப்பொருளுக்கு இப்போது சொல்கிற "டாடா" என்ற மலாய்ச் சொல்லுக்கே பழைய பொருள் மருந்துச் சரக்குதான், நம் நாட்டு மருந்துக் கடைக்காரர் வைத்திருப்பாரே அந்த மாதிரி வேரும் பட்டையும். இப்போது அந்தச் சொல்லைக் கேட்டாலே போஸ்டரில் தொங்குகிற கயிறுதான் கண்ணில் நிற்கிறது.

பழைய டிரஸர் | 15.7.2023, பிறகு

லோரிக்காரனுக்கு: தம்பி, வலிக்குக் கெத்தும் இலைத் தண்ணி குடித்தால் என்ன என்று கேட்கிறாய், அந்த யோசனை வேண்டாம். கெடா பக்கம் ஆட்கள் அதைக் குடித்துவிட்டுப் பகல் முழுக்கச் செம்பனைக் குலை அறுப்பது எனக்கும் தெரியும். அதுவும் விஷச் சட்டத்துக்குள் இருக்கிறது, 10,000 வெள்ளி அபராதம் அல்லது நாலு வருடம் வரை உள்ளே. ஆனால் உன் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது: முறையான மருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி, முறையில்லாதது வீட்டுக்குப் பின்னால் மரத்தில். வலிக்கிறவன் எந்தப் பக்கம் நடப்பான்?

பழைய டிரஸர் | 6.8.2023

மூன்று வாரம் காணோம் என்று யாரோ கவலைப்பட்டிருக்கிறீர்கள். கண் ஆபரேஷன். ஒரு கண்ணால் எழுதுகிறேன், எழுத்துப் பிழைக்கு அந்தக் கண்ணைத் திட்டுங்கள்.

நாமக்கல் பக்கம் என் ஒன்றுவிட்ட அண்ணன் தொண்ணூறுகளில் தொண்டைக் கேன்சரில் போனார். போன் பண்ணினால் பேச முடியாது, மூச்சுதான் கேட்கும். மார்ஃபின் கிடைக்கவில்லையா என்று கடிதம் எழுதினேன். "இங்க அதெல்லாம் இல்லப்பா" என்று பதில் வந்தது. அப்போது ஊர்க்காரர்களின் அசட்டை என்று நினைத்தேன்.

பிறகுதான் படித்தேன். இந்தியா சட்டப்படி அபின் பயிரிடுகிற நாடு, வெளிநாட்டுக்கு ஏற்றுமதியும் செய்கிறது. 1985ல் போதைப்பொருள் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். குறைந்தபட்சத் தண்டனையே பத்து வருடம். ஒரு ஆஸ்பத்திரி மார்ஃபின் வாங்க நாலைந்து லைசென்ஸ், வெவ்வேறு இலாகாவில், எல்லாமே ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும். நாலாவது கைக்கு வருவதற்குள் முதலாவது காலாவதி. நாடு முழுவதற்கும் வருடத்துக்குப் பல நூறு கிலோ போய்க்கொண்டிருந்த மருந்து 1997ல் 18 கிலோவுக்கு இறங்கியது. நூறு கோடிப் பேருக்குப் பதினெட்டு கிலோ. என் அண்ணனுக்கு எங்கிருந்து வரும்?

2014ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். மார்ஃபின் உட்பட ஆறு மருந்துகளைத் தனியாகப் பிரித்து, நாடு முழுக்க ஒரே விதி, ஒரே அனுமதி என்றார்கள். அதற்காக டாக்டர் ராஜகோபால் போன்றவர்கள் இருபது வருடம் இலாகா இலாகாவாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். அவர் கோழிக்கோட்டில் நண்பர்களோடு 1993ல் தொடங்கிய வலி நிவாரணக் கிளினிக்கிலிருந்துதான் கேரளாவில் வீடு வீடாகப் போகிற பழக்கம் பரவியது. சட்டம் திருந்திய மறுநாள் மருந்து ஓடி வந்துவிடவில்லை. எழுத மறந்த டாக்டர்கள் ஒரு தலைமுறையே உருவாகியிருந்தார்கள். தாளில் திருத்துவது ஒரு நாள் வேலை, கையைத் திருத்துவதுதான் பாடு.

பழைய டிரஸர் | 7.8.2023

"அமெரிக்காவைப் பாருங்க, இப்படித் திறந்துவிட்டுத்தான் நாசமா போனான்" என்று ஒருவர் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பாதி ஒத்துக்கொள்கிறேன்.

அங்கே 1996ல் ஆக்ஸிகோண்டின் என்ற மார்ஃபின் வகை மாத்திரை வந்தது. பழக்கமாகாது என்று கம்பெனிக்காரர்கள் டாக்டர்களிடம் அடித்துச் சொன்னார்கள். முதுகுவலிக்கு, பல் பிடுங்கியதற்கெல்லாம் எழுதித் தள்ளினார்கள். 2021ல் அளவு மீறிய போதையில் ஒரே வருடம் ஒரு லட்சத்துக்கு மேல் சாவு, அதில் பெரும்பங்கு கள்ளத்தனமாகச் செய்த ஃபென்டானில் என்ற மருந்தால். இதையெல்லாம் மறைத்து நான் பேசினால் நான் டிரஸரே இல்லை.

மறுபாதி. அதைப் பார்த்துப் பயந்து 2016ல் அங்கே கட்டுப்பாட்டு நெறிமுறை வந்தது. டாக்டர்கள் பழைய நோயாளிகளுக்குக் கொடுத்ததைத் திடீரென்று வெட்டினார்கள், ஆட்கள் துடித்தார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்று 2022ல் அதே நெறிமுறையை மாற்றி எழுத வேண்டி வந்தது. அங்கே வெள்ளம், இங்கே வறட்சி. வெள்ளத்தில் ஒருவன் செத்தான் என்று வறண்ட கிணற்றை மூடுவார்களா? 2017ல் லான்செட் ஆணையம் ஒன்று கணக்கெடுத்தது: உலகம் முழுக்க வருடத்துக்கு விநியோகிக்கிற ஏறத்தாழ 300 டன் மார்ஃபின் வகை மருந்தில் ஏழை நாடுகளுக்குப் போவது 0.1 டன். அந்த 0.1ல் எந்தப் போதை நாசத்தைத் தேடுவது?

நம் நாடு நடுவில் நிற்கிறது. 2008லேயே சுகாதார அமைச்சு வலியை ஐந்தாவது உயிர்க்குறியாக வைத்தது. காய்ச்சல், நாடி, மூச்சு, இரத்த அழுத்தம், அதோடு பூஜ்யத்திலிருந்து பத்து வரை வலி எவ்வளவு என்று கேட்டு எழுத வேண்டும். ஐந்து வெள்ளி கொடுத்தால் ஸ்பெஷலிஸ்ட் பார்க்கிறார். தீராத நோயாளிகளின் வலி தணிப்புப் பராமரிப்புக்கு 2019லிருந்து 2030 வரை தேசியத் திட்டமே போட்டு வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டால் பாதகமில்லை. வெளியே வந்து, பட்டணம் தாண்டி, தாமான் குடியிருப்புக்குள் நுழைந்தால்தான் பிரச்சினை.

பழைய டிரஸர் | 31.8.2023, மெர்டேக்கா நாள்

ஜூலை பத்தாம் தேதி காலை நான் எழுதியதில் இன்னொரு பொய் இருக்கிறது. கணக்குத் தப்பு வேறு, இது வேறு. "சீட்டில் எழுதியபடி கொடுத்தேன்" என்று எழுதினேனே, கொடுக்கவில்லை.

சீட்டில் 5 மில்லி. நான் கொடுத்தது இரண்டரை. ஒன்பது நாள்.

யாரும் சொல்லவில்லை, நானாகச் செய்தேன். மூச்சு நின்றுவிடுமோ என்று பயம். பழக்கமாகிவிடுமோ என்று பயம், எழுபத்தொரு வயதுக் கிழவிக்கு. அதற்கும் கீழே ஒரு பழக்கம்: முப்பத்தொரு வருடம் எதையும் பாதியாகக் கொடுத்து ஸ்டோரைக் காப்பாற்றிய கை. கேட்பதெல்லாம் கொடுத்தால் அடுத்த மாத இண்டெண்ட் மருந்து வரும் வரை தாங்காது என்று கிராணி (தோட்டத்து கிளார்க்) சொல்வார், அது எலும்பில் ஊறிவிட்டது. அக்கா துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு கிடந்தாள். "மருந்து வேலை செய்யுதாடா?" என்று அவள்தான் என்னைக் கேட்டாள். "செய்யும் செய்யும்" என்றேன்.

பத்தாவது நாள் காலை அப்பாயின்மென்ட். மலாய்க்கார லேடி டாக்டர், என் பேத்தி வயது. பாட்டில்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். 150 மில்லி மீதி இருக்க வேண்டிய இடத்தில் 285 இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொஞ்சம் கொட்டிவிட்டது என்றேன். கொட்டினால் குறையத்தானே செய்யும்? அவர் சிரிக்கவில்லை. "மக்சிக் தாஹான் சாக்கிட், பக்சிக் தாஹான் ஊபாட்" என்றார். மலாயில் தாஹான் என்றால் தாங்குவதும்தான், தடுத்துப் பிடித்து வைப்பதும்தான். அம்மா வலியைத் தாங்குகிறார், நீங்கள் மருந்தைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள்.

அன்றைக்கு இரவிலிருந்து முழு அளவு. இரண்டு நாள் தூங்கினாள், எனக்கு உயிரே இல்லை. நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு கேட்டாள், உப்பு போதவில்லை என்று என் பெண்டாட்டியைத் திட்டினாள். மலச்சிக்கல்தான் பெரும்பாடு, மார்ஃபினோடு அதற்கும் மருந்து சேர்த்தே கொடுப்பார்கள், அதைத் தவறவிடாதீர்கள். இன்னும் ஐந்து மாதம் இருந்தாள். வலி முற்றும் போகவில்லை, வெள்ளிக்கிழமைக் கூத்தைத்தான் முன்பே எழுதினேனே. ஆனால் துண்டை மறுபடி கடிக்கவில்லை.

ஆகவே தாமான் வாசி, சட்டத்தில் கோளாறா என்று கேட்டாயே, சட்டம் அந்த ஒன்பது நாளும் என் கையில்தான் இருந்தது. அளவுக்கரண்டியில்.

பழைய டிரஸர் | 1.9.2023

நேற்று எழுதியதற்கு ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. திட்டியவருக்கும். "படிச்ச ஆளே இப்படின்னா" என்றீர்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன்.

பழைய டிரஸர் | 16.9.2023

சரி, திருத்துவதென்றால் எதைத் திருத்துவது? தலைவர்கள் யாரும் இதைப் படிக்கப் போவதில்லை, படித்தால் ஒரு டத்தோ பட்டம் எனக்குக் கொடுத்துவிட்டுச் செய்யட்டும்.

கடத்தலுக்கான பிரிவுகளை நான் தொடவில்லை, அதைப் பற்றிப் பேச வக்கீல்கள் இருக்கிறார்கள். நோயாளி நடக்கிற பாதையைத்தான் பார்க்கிறேன். 1961ல் ஐ.நா.வில் போட்ட போதைப்பொருள் ஒப்பந்தத்தின் முகப்புரையிலேயே, வலியைத் தீர்க்க இந்த மருந்துகள் இல்லாமல் முடியாது, அவை கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. உலகம் முழுக்க நாடுகள் கட்டுப்பாட்டை மட்டும் மனப்பாடம் செய்தன. நம் 1952 சட்டத்தை மறுபடி எழுதுகிற நாள் வந்தால் அந்த வரியை முதல் பக்கத்தில் போட வேண்டும். ரிஜிஸ்டரைச் சரிபார்க்க வருகிற அதிகாரி மீதியை மட்டும் எண்ணாமல், "ஏன் இந்த வருடம் ஒருவருக்கும் கொடுக்கவில்லை" என்றும் கேட்கட்டும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே பாதிக் கிளினிக்குகள் வாங்கி வைக்கும்.

அடுத்தது, யார் எழுதலாம். உகாண்டாவில் 2004ல் விதியை மாற்றி, தனிப் பயிற்சி பெற்ற நர்சுகளும் மார்ஃபின் எழுதலாம் என்றார்கள். மருந்துத் தூளை வாங்கி, தண்ணீரில் கரைத்து, பாட்டிலில் ஊற்றி இலவசமாகக் கொடுக்கிறார்கள். நம்மைவிட எவ்வளவோ ஏழை நாடு. நம் கிளினிக் டேசாவில் (கிராமத்துச் சுகாதார நிலையத்தில்) நர்சுகள் இருக்கிறார்கள், வீடு வீடாகப் பிரசவம் பார்க்கப் போனவர்களின் வாரிசுகள். டாக்டர் ஒரு முறை எழுதிவிட்டால், அடுத்தடுத்த பாட்டிலை அவர்கள் கையால் கொடுக்கலாமே. ஈப்போவுக்கு ஏன் ஓட வேண்டும்?

டிரஸர்களும் எழுதலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என்னோடு வேலை செய்த டிரஸர்களை நீங்கள் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டீர்கள். ஒருவர் எல்லா நோய்க்கும் பி காம்ப்ளெக்ஸ் ஊசி போடுவார், இன்னொருவர் ஸ்பிரிட்டை வெளிப்பூச்சுக்கு மட்டும் பயன்படுத்தினார் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அதே தோட்டத்தில் பாம்புக்கடி, பிரசவம், கை நறுங்கல் எல்லாவற்றையும் ராத்திரி இரண்டு மணிக்குப் பார்த்ததும் நாங்கள்தான். பயிற்சி கொடுத்து, வருடா வருடம் சோதித்து, பிறகு கொடுக்கலாம். முதலில் வேண்டாம் என்று அடித்தேன், இரண்டு முறை மாற்றிவிட்டு இதில் நிற்கிறேன்.

பழைய டிரஸர் | 1.10.2023

தாமான் வாசி போட்ட தகவல் பலருக்குக் கண்ணில் படவில்லை போலிருக்கிறது: சித்தப்பாவுக்கு மருந்து ஆரம்பித்தாகிவிட்டது. வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டதற்கு அவர் "எட்டு" என்றாராம். கொஞ்சம் என்று சொல்லாத முதல் தோட்டத்து ஆள்! வீட்டில் பெரியம்மாதான் பாட்டிலை ஒளித்து வைக்கிறார்களாம். நாளைக்குப் போய்ப் பேசுகிறேன். என் ஒன்பது நாளைச் சொன்னால் கேட்பார்கள்.

பழைய டிரஸர் | 11.11.2023, தீபாவளிக்கு முந்தின ராத்திரி

பெருநாள் வந்தால் கிளினிக் மூடுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லி நாலு நாள் மருந்து கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறான் தாமான் வாசிப் பையன். சாயந்தரம் முறுக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். சித்தப்பா திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து பேரன் மத்தாப்பு கொளுத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய தோட்டத்து கால்பந்துக் குழுவில் யார் கோல்கீப்பர் என்று அரை மணி நேரம் என்னோடு சண்டை. நான் சொன்னதுதான் சரி.

பையன் பாட்டிலில் பேனாவால் நாள் வாரியாகக் கோடு போட்டு வைத்திருந்தான். இன்றைய கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது மட்டம்.

"ரெண்டு ராத்திரி எழுந்து வலிக்குதுன்னாரு, சீட்டுல இடையில ஒண்ணு கொடுக்கலாம்னு எழுதியிருக்கு, கொடுத்தேன். கூடப் போச்சா மாமா?"

சீட்டை வாங்கிப் படித்தேன். கணக்கையும் இந்தத் தடவை போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.

அடுத்த வெள்ளி மறுபடி ஈப்போ. எனக்குக் கண் சரியில்லை, அவன் காடி ஓட்டுவான். மைலோ டின் வேண்டாம், சும்மா பிளாஸ்டிக் பையில் மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன்.